மிட்ஜெட்டை நானே திருத்தலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: பேரனார் விட்டுப்போன 1965ஆம் ஆண்டு எம்ஜி மிட்ஜெட் என்ற சின்ன ஆங்கிலக் கார் ஒன்று பல வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. கிளச்சை மிதித்தாலும் கியர் விழுவதில்லை. ஸ்ராட் பண்ணினால் கால் மணித்தியாலத்தில் தண்ணீர் கொதிக்கிறது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. வீடியோக்களில் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிவிடுகிறார்கள். நானும் செய்யலாமா, அல்லது கராஜில் விடட்டுமா?

செய்யலாம் தம்பி. ஆனால் அந்தச் சனிக்கிழமையை மறந்துவிடுங்கள். என்னிடமும் அதே வயது மிட்ஜெட் ஒன்று பதினொரு வருடமாக இருக்கிறது. அதில் ஏழு வருடம் ஓடியிருக்கும், மிச்சம் நாலு வருடம் கல்லின் மேல் நின்றது. அந்த நாலு வருடத்தில் நான் கையில் ஸ்பானரோடு நின்ற நேரத்தைக் கூட்டினால் இரண்டு மாதம்கூட வராது. மற்றதெல்லாம் காத்திருந்தது, தேடித் திரிந்தது, பிழையாக வந்த சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தது, கோபத்தில் கொட்டில் கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனது. வீடியோவில் வருகிறவர்களுக்கு அந்தப் பகுதி இல்லை. கமராவைப் போடுமுன்பே சாமான் எல்லாம் மேசையில் அடுக்கியிருக்கும்.

தண்ணீர் கொதிக்கிற கதையிலிருந்து தொடங்குகிறேன், என்னையும் முதலில் அழவைத்தது அதுதான். மிட்ஜெட்டில் இருப்பது ஏ சீரிஸ் எஞ்சின். அதில் சிலிண்டர் ஹெட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடுவே ஒரு பைபாஸ் குழாய் இருக்கிறது. ரப்பர், சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அது வெடித்தால் தண்ணீர் முழுவதும் நிலத்தில். சரி, மாற்றுவோம் என்று குனிந்து பார்த்தால் இரண்டு முனையும் அசையாத இரும்பில் செருகியிருக்கிறது, புதுக் குழாயை நுழைக்க இடைவெளி இல்லை. ஆகவே பம்பைக் கழற்ற வேண்டும். பம்பைக் கழற்ற றேடியேற்றரையும் காற்றாடியையும் பெல்றையும் கழற்ற வேண்டும். எனக்குப் பம்பின் நாலு ஆணியில் மூன்று வந்தன, நாலாவது தலை அறுந்து உள்ளே நின்றுவிட்டது. அதைத் துளைத்து எடுத்துப் புதுப் புரி வெட்ட, கடைசல் பட்டறைக்காரரைக் கெஞ்சி வீட்டுக்குக் கூட்டிவர ஒன்பது நாள். குழாயை மாட்டப் பத்து நிமிடம். மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் ஒரு வகைக் குழாயும் கிடைக்கிறது, ஒன்றையும் கழற்றாமல் நெரித்து உள்ளே விடலாம். ஆனால் அது அவ்வளவு காலம் தாங்காது. இன்னொரு தடவை என்றால் எதை வாங்குவாய் என்று கேட்டால், மடிப்புக் குழாய்தான் வாங்குவேன், வெட்கம் இல்லை.

உங்கள் கார் கொதிப்பதற்குக் காரணம் அந்தக் குழாயாக இல்லாமலும் இருக்கலாம். நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் எஞ்சின் புளொக்குக்குள்ளும் அறுபது வருடமாகப் படிந்திருக்கும். புளொக்கின் பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் வாய் ஒன்று உண்டு. திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது. கம்பியால் குத்தக் குத்தக் கஞ்சிபோல ஒன்று வரும். எனக்கு ஒரு பேணி நிறைய வந்தது. றேடியேற்றரைத் தலைகீழாகப் பிடித்து ஹோஸால் அடித்துக் கழுவுங்கள். பிறகு கிணற்றுத் தண்ணீரை அதற்குக் காட்டவே வேண்டாம். பற்றரிக்கு விடும் தண்ணீரும் கூலன்ரும் கலந்து விடுங்கள், அவசரத்துக்கு மழைத்தண்ணீர். தேர்மோஸ்ரற்றை இந்த வெய்யில் ஊருக்குத் தேவையில்லை என்று யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். அதைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரமெடுக்கும், தேய்மானமும் கூடும்.

யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள் என்றேனே, இந்த வேலையில் மனிதனை உண்மையில் வாட்டுவது அதுதான். ஆங்கிலக் கைநூலில் எழுதியிருக்கிற கார் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த கார். உங்கள் கொட்டிலில் நிற்பது வேறு. அதில் அறுபது வருடத்து யாழ்ப்பாணக் கைகள் பட்டிருக்கின்றன. நீங்கள் திருத்தப் போவதில் பாதி காரின் பழுது, மற்றப் பாதி அதற்கு முன் நடந்த திருத்தம்.

என் காரில் எஞ்சினின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மெயின் பெயரிங் தேய்ந்த சத்தம். கழற்றினேன், பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை அளக்காமலே லண்டனில் இருக்கும் மைத்துனரிடம் மிட்ஜெட்டுக்கு உரிய பெயரிங் வாங்கச் சொன்னேன். அவர் ஆடி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னார். நாலு மாதம் காத்திருந்தேன். வந்தது, அழகான பெட்டி. திறந்து வைத்துப் பார்த்தால் கிராங்கில் ஆடுகிறது. பெட்டியில் இருப்பது இரண்டு அங்குலத் தண்டுக்கு, என்னுடைய தண்டு ஒன்றே முக்கால் அங்குலம். கடையைத் திட்டினேன், மைத்துனரைத் திட்டினேன். இரவில் ரோச் லைற்றைப் பிடித்து எஞ்சின் இலக்கத்தின் மேலிருந்த ஊத்தையைச் சுரண்டிப் பார்த்தேன். 1098 சிசி மிட்ஜெட் மாக் ரூ (இரண்டாம் பதிப்பு) எஞ்சின் என்றால் இலக்கம் 10சிசி என்று தொடங்கவேண்டும். என்னுடையது 10எம்ஏ. அது மொரிஸ் மைனர் எஞ்சின்.

அளவும் தோற்றமும் ஒன்றுதான், இரண்டும் ஏ சீரிஸ், இரண்டும் 1098 சிசி. ஆனால் மைனரில் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் ஒன்றுதான், 48 குதிரைவலு. மிட்ஜெட்டில் இரட்டைக் காபரேற்றர், 59. தண்டின் விட்டம் வேறு, வால்வுகளைத் திறக்கும் கம்சாஃப்ற் வேறு. மேலே மிட்ஜெட்டின் இரட்டைக் காபரேற்றரை மாட்டிவிட்டதால் போனற்றைத் திறந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே தம்பி, ஒரு சாமானும் வாங்குமுன் எஞ்சின் இலக்கத்தைப் பாருங்கள். வாகனப் புத்தகத்தில் இருக்கும் இலக்கத்தோடும் ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைச் சரிசெய்யும் வேலை ஒன்றும் உங்களுக்குக் காத்திருக்கிறது. அது தனிக் கதை.

இந்த அநியாயத்தை யார் செய்தது என்று இரண்டு கிழமை திட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு கோண்டாவிலில் ஒரு வயதான மெக்கானிக் வந்து பார்த்தார். அவர் சிரித்தார். "தம்பி, அப்ப பெற்றோல் எங்க இருந்தது?" என்று கேட்டார். 1990களின் பொருளாதாரத் தடையில் குடாநாட்டில் வாகனம் ஓடியது மண்ணெண்ணெயில். கொஞ்சம் பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்து அதில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எண்ணெயின் ஒக்டேன் மிகவும் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் அது தானாகவே முந்திப் பற்றி, பிஸ்ரனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். மிட்ஜெட் எஞ்சினின் அமுக்க விகிதம் 8.9க்கு ஒன்று. மைனரில் 7.5 அளவில் தாழ்ந்த வகை ஒன்று இருந்தது. "இந்த எஞ்சின் மண்ணெண்ணெயில இழுக்கும். ஒறிஜினல் எண்டா ரெண்டு மாசத்தில பிஸ்ரன் போயிருக்கும்," என்றார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். என் பெயரிங் தேய்ந்ததும் அப்படித்தான். புகைக்குழாயின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த ஒரு செப்புக் குழாயை எதற்கென்று தெரியாமல் நான் முதல் வருடமே வெட்டி எறிந்திருந்தேன். மண்ணெண்ணெயைச் சூடாக்கி அனுப்ப யாரோ செய்த ஏற்பாடு அது. வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் எரிச்சல் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேறு மாதிரியான எரிச்சல். ஒரு ஒட்டுவேலையைக் கண்டால் உடனே பிடுங்காமல், இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு நாள் யோசிக்கிறேன். மைனர் எஞ்சினையும் அப்படியே வைத்துக்கொண்டேன். அதற்கொரு சுயநலமும் உண்டு. மைனர் சாமான் இன்னும் இங்கேயே பழைய கராஜ்களின் பெட்டிகளில் கிடக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் யப்பான் வாகனத்துக்கு எதுவும் கிடைக்கும், மிட்ஜெட் என்றால் கடைக்காரர் உங்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். மைனர் என்று கேளுங்கள், பின்னால் போய்த் தேடுவார்.

இனி, கால் எடுத்தால் எஞ்சின் நிற்பது. எல்லோரும் நேரே காபரேற்றரில் கைவைப்பார்கள், நானும் வைத்தேன். இரட்டை எஸ்யூ காபரேற்றர் அழகான சாமான், அதற்குள் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. அடியில் இருக்கும் சுரையை அறுகோணத்தின் ஒரு பக்கம் அளவுக்குத் திருப்பினாலே கலவை மாறும். மூன்று மாலை வேளைகள் அதைத் திருப்பினேன். இரண்டிலும் காற்று உறிஞ்சும் சத்தம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்துக் கேட்டேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, காருக்குக் காய்ச்சலா என்று வேலிக்கு மேலால் கேட்டார். ஒரு நாள் சரியாக வரும், அடுத்த நாள் காலையில் பழையபடி. கடைசியில் பார்த்தால், காற்று வழியைத் திறந்து மூடும் திறொட்டில் தண்டு தேய்ந்து, அதன் பக்கத்தால் காற்று உள்ளே போகிறது. காற்று கண்ட இடத்தால் போகும்போது எந்தச் சுரையைத் திருப்பி என்ன? தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முதலில் அதைக் கடைசல் பட்டறையில் புஷ் போட்டுச் சரிசெய்யுங்கள். அதற்கும் முன்னால் வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், டிஸ்ரிபியூட்டரின் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிறகு தீப்பொறி விழும் நேரம், அதாவது ரைமிங். இவை சரியான பிறகுதான் காபரேற்றர். இந்த ஒழுங்கை மாற்றினால் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். காபரேற்றர் என்று நான் பழி போட்ட பிழைகளில் பாதி டிஸ்ரிபியூட்டருக்குள் இருந்தவை. காபரேற்றரின் மேலே இருக்கும் சின்னச் சிமிழில் மெல்லிய எஞ்சின் ஒயில் கொஞ்சம் விட மறக்கவேண்டாம். அது வற்றினால் அக்சிலேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் திணறும்.

கிளச்சுக்கு வருகிறேன். இந்தக் காரில் கியர்பொக்ஸை மட்டும் அடியால் இறக்க முடியாது, எஞ்சின் மேலால் வெளியே வந்தாகவேண்டும். நூறு கிலோவுக்கு மேல் பாரம். எங்கள் வீட்டில் அது மாமரக் கொப்பில் செயின் புளொக் கட்டித் தூக்கியதுதான். திரும்பப் பூட்டும்போது கிளச் தட்டு நடுவில் நிற்காவிட்டால் கியர்பொக்ஸின் தண்டு உள்ளே போகாது. அதற்குரிய கருவி இல்லாமல் ஒரு பூவரசங் கம்பைச் சீவித்தான் நடுப்படுத்தினேன், ஆறாவது முயற்சியில் போனது. போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு இந்தக் கூத்து தேவைப்படாமலும் போகலாம். மிதித்தும் கியர் விழவில்லை என்றால் தட்டுத் தேய்ந்ததென்று அர்த்தமில்லை. பல வருடம் நின்ற காரில் இரண்டு சாத்தியம் உண்டு. ஒன்று, கிளச்சின் சிலிண்டரில் ரப்பர்கள் போய்ப் பெடலின் வலு கீழே சேரவில்லை. மற்றது, தட்டுத் துருப்பிடித்து, எஞ்சினோடு சுழலும் பாரச் சக்கரத்தோடு (ஃபிளைவீல்) ஒட்டிவிட்டது. முதலில் பெடலை ஒருவர் மிதிக்க, கீழே கிளச் நெம்பு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் வலு கீழே சேர்கிறது, தட்டுத்தான் ஒட்டியிருக்கிறது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, பெடலை அமுக்கி ஒரு தடியால் சீற்றோடு முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். சில நேரம் காலையில் "டக்" என்று விடும். எஞ்சினைத் தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், கரியாலான கிளச் பெயரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அதை விட்டுவிட்டுப் பூட்டி, ஆறு மாதத்தில் மறுபடி மாமரத்துக்குப் போன ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திச் சொல்கிறேன். 1965 காரில் கிளச்சுக்கும் பிறேக்குக்கும் மேலே ஒரே எண்ணெய்த் தொட்டி. கிளச் ஒழுகினால் பிறேக்கின் எண்ணெயும் குறையும். கிளச் பெடல் தொய்கிறது, பிறகு பார்ப்போம் என்று ஓடக்கூடாது. பழைய சிலிண்டர்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவவும் கூடாது. பிறேக் ரப்பர் அதில் ஊறிப் பூரித்துவிடும், அன்று நன்றாகப் பிடிக்கும், ஒரு கிழமையில் சக்கரத்தை விடாது. பிறேக் எண்ணெயாலோ ஸ்பிரிற்றாலோ மட்டும் கழுவுங்கள். எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிறேக் வேலையை நீங்களே செய்தாலும், வீதிக்கு இறக்குமுன் தெரிந்த ஒருவரை மேலே கீழே பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம், பிறேக் விட்டால் என்ன செய்வீர்கள்?

ஸ்பானர் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனால் தோல் உரிந்த விரல்களில் பாதிக்கு அதுதான் காரணம். இங்கே கடைகளில் விற்பது மில்லிமீற்றர் செற். இந்தக் காரின் சுரைகள் அங்குல அளவு. அரை அங்குலச் சுரை 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பானர் ஏறும், இறுகிய சுரையில் வழுக்கி முனையை உருட்டிவிடும். 9/16 அங்குலத்துக்கு 14 ஏறாது, 15 ஆடும். காபரேற்றரில் சில இடங்களில் பழைய விற்வேத் அளவு வரும், மின்சாரச் சாமான்களில் பிஏ என்று இன்னொரு குட்டி அளவு. விற்வேத் ஸ்பானர் வேண்டுமானால் தோட்டக்காரர் வீடுகளில் கேளுங்கள். தண்ணீர் இறைத்த பழைய ஆங்கில இயந்திரங்களோடு வந்தது எங்காவது கறள் பிடித்துக் கிடக்கும். எனக்கு இரண்டு தேங்காய்க்கு ஒரு கட்டுக் கிடைத்தது.

முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங்பின்னுக்கு அடியில் குறுக்காகப் போகும் ஊசிக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும். அடிக்காமல் நின்ற காரில் அது இரும்போடு இரும்பாகி இருக்கும். அதைக் கழற்றும் வேலையில் நீங்கள் புதிய கெட்ட வார்த்தைகள் கண்டுபிடிப்பீர்கள், அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை. மின்சாரத்தில் ஒன்று மட்டும்: இந்த வயதுக் காரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் பொடியில் (உடற்தகரத்தில்) இணைந்திருக்கும், இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. போன் சார்ஜரையும் ரேடியோவையும் வழமைபோல் இணைத்தால் புகை வரும். எனக்கு வந்தது.

கராஜில் விடட்டுமா என்பதற்கு என் பதில், பாதி விடுங்கள். கிராங் தேய்ப்பது, புஷ் போடுவது, அறுந்த ஆணி எடுப்பது எல்லாம் கடைசல் பட்டறைக்கு. அடிப்பகுதித் தகரத்தில் ஒட்டும் வெல்டிங்கும் தெரிந்தவருக்கு. இந்தக் காருக்குச் சேசிஸ் தனியாக இல்லை, பொடியே சுமக்கிறது. கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் தகரப் பகுதியை (சில் என்பார்கள்) முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து கதவு பூட்டாது. ஒரு காந்தத்தை அந்தத் தகரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் தகரமில்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிப் பசை. என் காரில் காந்தம் சறுக்கிக்கொண்டே போனது. மற்ற வேலை முழுவதும் உங்களுடையது. ஏன் என்றால், கராஜ்காரருக்கு இந்தக் காரால் வருமானம் இல்லை. வாசலில் மூன்று வானும் ஓட்டோவும் நிற்கும்போது உங்கள் மிட்ஜெட் மூலைக்குப் போகும், அதன் சீற்றில் கோழி முட்டையிடும். அவரில் பிழை இல்லை, அவருக்கும் வீடு இருக்கிறது.

கழற்றும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். ஆணிகளைப் பழைய பால்மாப் பேணிகளில் போட்டு எது எங்கே என்று எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தைக் கழற்றாதீர்கள். இன்று இருட்டுமுன் பூட்ட முடியாததை மூன்று மணிக்குப் பிறகு தொடவேண்டாம்.

முதலில் அந்த நெம்பு அசைகிறதா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். எஞ்சினைத் தூக்கவேண்டி வந்தால் செயின் புளொக் என்னிடம் இருக்கிறது, திருவிழா முடிய வந்து எடுத்துப் போகலாம். உங்கள் வளவில் நல்ல கொப்புள்ள மாமரம் நிற்கிறதா?